முன்பணம் கட்டுவதற்கு முன் பாப்பாவின் நோட்டைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மகளை எந்தக் கல்லூரிப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்க ஞாயிற்றுக்கிழமை வந்தவர், ராயக்கோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதிப் பேச்சில் எழுந்துவிட்டீர்கள். சொல்ல நினைத்ததில் பாதி என்னிடமே தங்கிவிட்டது. அதனால் இந்தக் கடிதம்.

முதலில் அந்த முன்பணம். "ஏரோஸ்பேஸ் சீட்டு இரண்டுதான் மிச்சம், படித்து முடித்தால் இஸ்ரோ வேலை உறுதி" என்று உங்களிடம் சொன்ன தரகர் எந்தக் கல்லூரிக்கு ஆள் பிடிக்கிறார் என்பது எனக்கு வேண்டாம். இஸ்ரோ வேலையை உறுதி சொல்ல எந்தக் கல்லூரிக்கும் அதிகாரம் இல்லை. விண்வெளித் துறையே திருவனந்தபுரத்தில் நடத்தும் ஐ.ஐ.எஸ்.டி. என்ற கல்லூரியில் படித்தவர்களைக்கூட மதிப்பெண்ணும் காலியிடமும் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். பூ வைக்கும்போதே தக்காளிக்கு விலை உறுதி சொல்லும் வியாபாரியை மண்டியில் நீங்கள் நம்புவீர்களா? இவரையும் அப்படியே வையுங்கள்.

அன்று என் கவனம் முழுக்க இன்னொன்றின் மேல் இருந்தது. பாப்பா கையில் ஒரு நோட்டு வைத்திருந்தாளே, ராக்கெட் தொடர்பாகக் கேள்விப்பட்ட சொற்களை எல்லாம் எழுதி வைத்த நோட்டு. அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு தொழில். எந்தச் சொல் அவளை இழுக்கிறது என்று தெரிந்துவிட்டால் எந்தப் பாடப்பிரிவு என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிடும்.

அவள் முதல் பக்கத்தில் எழுதியிருந்தது பேலோடு. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வண்டியின் எடை வேறு, ஏற்றிய கிரேடின், அதாவது தக்காளிப் பெட்டியின் எடை வேறு. வாடகை கிடைப்பது கிரேடுக்குத்தான். ராக்கெட்டில் அந்தக் கிரேடுதான் பேலோடு. ஆனால் கணக்கைப் பாருங்கள்: பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பும்போது சுமார் 320 டன். பூமியைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள்கள் சுற்றும் 600 கிலோமீட்டர் உயரப் பாதைக்கு அது கொண்டுபோகும் சரக்கு 1,750 கிலோ. நூறு கிலோவுக்கு அரைக் கிலோவும் கொஞ்சமும். மீதி எல்லாம் எரிபொருளும் ராக்கெட்டின் கூடும்தான். இப்படி ஒரு வண்டியை மண்டியில் ஓட்டினால் ஒரே நாளில் கடையை மூடிவிடுவீர்கள். விண்வெளியில் வேறு வழியில்லை. கூட்டில் ஒரு கிலோவைக் குறைத்தால் அதற்கேற்ப சரக்கைக் கூட்டலாம். அதற்காகவே டைட்டானியம், கார்பன் இழைக் கலவை என்று எடை குறைந்த, உறுதி குறையாத பொருள்களைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தத் தேடல் பிடித்தால் மெட்டீரியல்ஸ், மெட்டலர்ஜி (உலோகவியல்), மெக்கானிக்கல் பாடப்பிரிவுகள்.

அடுத்த பக்கத்தில் கிரையோஜெனிக், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளைக் கையாளும் நுட்பம். எழுத்துப்பிழையோடு எழுதி, கீழே மூன்று கோடு போட்டிருந்தாள். ஆக்சிஜனை மைனஸ் 183 டிகிரியில் திரவமாக்குகிறார்கள், ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில். உங்களுக்குத் தெரிந்த குளிர்பதனக் கிடங்கு எதுவும் இதற்குப் பக்கத்தில்கூட வராது. வாயுவாக வைத்தால் இடத்தை அடைக்கும், திரவமாக வைத்தால் சிறிய தொட்டியில் அடங்கும். அதுதான் காரணம். ஆனால் அந்தக் குளிரில் உலோகம் சுருங்கும், சாதாரண ரப்பர் கண்ணாடி போல நொறுங்கும். சில மீட்டர் தள்ளி அதே இன்ஜினின் எரியறையில் ஆயிரக்கணக்கான டிகிரி நெருப்பு. இந்தத் தொழில்நுட்பத்தை ரஷ்யாவிடமிருந்து வாங்க ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்க அழுத்தத்தால் 1993இல் அது கைநழுவியது. நாமே செய்த கிரையோஜெனிக் இன்ஜின் 2010இல் முதன்முறை பறந்தபோது தோற்றது. 2014 ஜனவரி 5 அன்றுதான் வென்றது. இருபது ஆண்டுக்கு மேல்! இந்த வேலைக்கு விஞ்ஞானி மட்டும் போதாது. கசியாத வால்வு செய்பவர், பற்றவைப்பில் மயிரிழை ஓட்டையும் விடாத வெல்டர், அந்த வெல்டிங்கை உடைக்காமலே எக்ஸ்ரேயில் சோதிப்பவர் எல்லோரும் வேண்டும். இன்ஜின்களைச் சோதிக்கும் இடம் நம் மாநிலத்திலேயே, திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிப்ளமோ என்றதும் உங்கள் முகம் மாறியது. இஸ்ரோ தலைவராக 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற வி. நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர். டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்து, பிறகு கரக்பூர் ஐ.ஐ.டி.யில் இதே கிரையோஜெனிக் பொறியியலைப் படித்தவர். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அவரும் முதலில் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோதான். தமிழ் வழியில் படித்ததால் பின்தங்கிவிடுவாளோ என்றும் கேட்டீர்கள். சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்தில் தமிழ் வழியில் படித்தவர்.

நோட்டில் நீங்கள் சிரித்த சொல் ஆட்டிட்யூட். "திமிரைக்கூடவா பாடமாக வைப்பார்கள்" என்றீர்கள். அது வேறு ஆட்டிட்யூட், ஐயா. செயற்கைக்கோள் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறது என்பதைக் குறிக்கும் சொல். கேமரா பூமியைப் பார்க்க வேண்டும், சூரியத் தகடு சூரியனைப் பார்க்க வேண்டும், ஆன்டெனா தரைநிலையத்தைப் பார்க்க வேண்டும். காற்றில்லாத வெளியில் எதை உதைத்துத் திரும்புவது? உள்ளே ஒரு சக்கரத்தை ஒரு பக்கம் சுழற்றினால் செயற்கைக்கோள் மறுபக்கம் மெல்லத் திரும்பும். எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதை நட்சத்திரங்களின் இருப்பிடத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவியும் உண்டு. இது கணிதமும் எலெக்ட்ரானிக்ஸும் மென்பொருளும் கலந்த வேலை. பாப்பாவின் கணித மதிப்பெண்ணைப் பார்த்தேன், அதனால்தான் இதை இவ்வளவு சொல்கிறேன்.

டெலிமெட்ரி என்றால் செயற்கைக்கோள் தன் சூடு, மின்சாரம், அழுத்தம் ஆகியவற்றை விடாமல் தரைக்குச் சொல்லிக்கொண்டிருப்பது. டெலிகமாண்டு என்றால் நாம் அதற்குக் கட்டளை அனுப்புவது. இரண்டும் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்புப் பொறியியல்) படித்தவர்களின் இடம். இதை நடத்தும் இஸ்ரோ மையம் பெங்களூரில் இருக்கிறது. செயற்கைக்கோள்களை உருவாக்கும் யு.ஆர். ராவ் மையமும் அங்கேதான். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர்தான் என்பதை வீட்டில் பாப்பாவின் அம்மாவிடம் சொல்லுங்கள். பிள்ளையையே ராக்கெட்டில் ஏற்றிவிடுவார்களோ என்று அவர் பயந்ததற்கும் பதில் இருக்கிறது: மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் பயணத்துக்குத் தேர்வான நால்வரும் விமானப்படையின் சோதனை விமானிகள். பொறியாளர்களுக்குத் தரையில்தான் வேலை.

ஆர்பிட், அதாவது சுற்றுப்பாதை பற்றி ஒரே ஒரு விஷயம். குலசேகரன்பட்டினத்தில் எதற்கு இரண்டாவது ஏவுதளம் என்று அவள் நோட்டில் கேள்வி எழுதியிருந்தாள். நல்ல கேள்வி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது வட தென் துருவங்களின் மேலாகச் சுற்றும் பாதைக்குத் தெற்கே ஏவினால் நேராகப் போக முடியாது. இலங்கை மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். தொப்பூர் கணவாய் அடைபட்டு ஊரைச் சுற்றிப்போகும் லாரிக்கு டீசல் எவ்வளவு கூடுதலாகும் என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய ராக்கெட் அந்த நட்டத்தைத் தாங்கும். 500 கிலோ சரக்கு ஏற்றும் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. தாங்காது. தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையிலிருந்து கிளம்பினால் தெற்கே வெறும் கடல். 2024 பிப்ரவரியில் அங்கே அடிக்கல் நாட்டினார்கள்.

ரிமோட் சென்சிங் என்ற சொல்லை மட்டும் ஏனோ அடித்துவிட்டிருந்தாள். அவளிடம் கேட்டுப் பாருங்கள். எந்தத் தோப்பில் மா காய்ந்திருக்கிறது, எந்த ஏரி சுருங்கியிருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் படிக்கும் வேலை அது. 2019இல் ஏவிய கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி தரையில் கால் மீட்டர். மாவும் தக்காளியும் விளையும் மாவட்டத்துப் பெண்ணுக்கு இதில் இயல்பாகவே ஒரு கண் இருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இதற்கான படிப்பு, ஜியோஇன்பர்மாடிக்ஸ் பி.இ. இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

சரி, எங்கே சேர்ப்பது? என் கருத்து இது. ஏரோஸ்பேஸ் அல்லது ஏரோநாட்டிக்கல் படிப்பு கெட்டதல்ல. ஐ.ஐ.எஸ்.டி., சென்னை ஐ.ஐ.டி., குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்ற இடத்தில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். முதல் இரண்டுக்கும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆய்வுக்கூடமே இல்லாத கல்லூரியில் கடன் வாங்கிப் படிப்பதற்கு அது தகாது. இஸ்ரோ பொறியாளர் பணிக்கு அதிகமாகக் கேட்பது எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ். அதில் முதல் வகுப்பு, 65 சதவீதம் வேண்டும். இவை பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலேயே இருக்கின்றன. பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதை விட்டுவிட்டுத் தரகரிடம் முன்பணமா? டெக்னிஷியன் பணிக்கு ஐ.டி.ஐ., டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பணிக்கு முதல் வகுப்பு டிப்ளமோ என்று வேறு வாசல்களும் இருக்கின்றன.

இஸ்ரோ ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். சென்னையின் அக்னிகுல் நிறுவனம் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக இன்ஜின் செய்து 2024 மே 30 அன்று சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. ராணுவத் தளவாடத் தொழில்களுக்காகத் தமிழ்நாட்டில் அமைத்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் சேலமும் இருக்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டையில் கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரம் ஓட்டத் தெரிந்த கை, விண்வெளி உதிரிபாகத்துக்கும் உதவும் கைதான். இன்னும் பக்கத்தில் வேண்டுமா? நிலவில் இறங்கும் கலத்தைச் சோதிக்க நிலவு மண்ணுக்கு ஒப்பான மண்ணை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியிலிருந்துதான் எடுத்துப் போனார்கள். இதைச் சொன்னபோது பாப்பாவின் கண் விரிந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், கைப்பேசியில் பேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

வருகிற ஞாயிறு மண்டி முடிந்து மூன்று மணிக்கு மேல் வாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, அந்த நோட்டு நான்கும் வேண்டும். அதற்குள் பாப்பா நோட்டில் மூன்று சொற்களை மட்டும் வட்டமிட்டு வைக்கட்டும். எவை என்று நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள்.