பேச வேண்டிய நேரத்தில் அடைக்கும் வாய்

அன்புள்ள ஐயா,

மொரிசியஸில் எபேனில் ஒரு கணக்கு நிறுவனத்தில் 8 ஆண்டுகளாக ஒரே பதவியில் இருக்கிறேன். வாராந்தரக் கூட்டத்தில் எல்லோரும் பிரெஞ்சில் மளமளவென்று பேசும்போது எனக்கு நெஞ்சு படபடக்கும், வாயே வராது. ஏசிசிஏ என்ற கணக்காளர் தகுதித் தேர்வில் கடைசி 2 தாள்கள் பாக்கி. பதிவு செய்கிறேன், தேர்வு நெருங்கினால் விலகிவிடுகிறேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலாளர்களாகிவிட்டார்கள். என்ன செய்வது?

ஒரு வாசகி, ரோஸ் ஹில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதிய இரண்டும் ஒரே சிக்கல்தான். பேசாமலே கூட்டம் முடிந்ததும் ஒரு நிம்மதி வருகிறதல்லவா? தேர்விலிருந்து விலகியதும் வருவது அதே நிம்மதி. அடுத்த முறையும் ஒதுங்கப் பழக்குவது அதுதான். பயம் போன பிறகு பேசலாம் என்று இருந்தால் அது போகாது. பேசப் பேசத்தான் குறையும்.

பயப்படும் பேச்சுகளை எழுதி 0 முதல் 10 வரை எண் போடுங்கள். பக்கத்து மேசைக்காரரிடம் பிரெஞ்சில் ஒரு கேள்வி 3, கூட்டத்தில் ஒரு கணக்கைச் சொல்வது 6, மேலாளரை மறுப்பது 9 என்று வரலாம். இதுதான் உங்கள் ஏணி. 3 சுலபமாகும்வரை அதையே செய்துவிட்டு, பிறகு மேலே போங்கள்.

கூட்டத்தில் முதல் 10 நிமிடத்துக்குள் பேசிவிடுங்கள். தள்ளத் தள்ளப் படபடப்பு ஏறும். மனப்பாடம் வேண்டாம், ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். தாளில் மூன்றே வரி போதும்: தொகை, காரணம், உங்கள் யோசனை. "வரவேண்டிய பாக்கி 8 லட்சம் ரூபாய். பாதி 90 நாளைத் தாண்டிவிட்டது. இந்த வாரமே நினைவூட்டல் அனுப்பலாம்." பிரெஞ்சு தடுக்கினால் பேச்சுமொழியான கிரியோலில் முடியுங்கள், உங்கள் ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கமாட்டார்கள்.

தேர்வுக்கு, ஒரு பருவத்தில் ஒரு தாள் மட்டும். இறுதிக் கட்டத்துக்கு 7 ஆண்டுக் கெடு உண்டு, அதில் முதல் தாள் தேறிய தேதியைப் பாருங்கள். 195 நிமிடத்தில் 100 மதிப்பெண் என்றால், 25 மதிப்பெண் கேள்விக்குச் சுமார் 49 நிமிடம். தேற 50 போதும். முதல் கேள்வியிலேயே தங்கிவிட்டால் விஷயம் தெரிந்தவர்கள்கூடத் தோற்கலாம். அதனால் வீட்டில் முழுத் தாளையும் கடிகாரம் வைத்து, ஒரே அமர்வில், நடுவில் எழாமல் எழுதுங்கள். அதுவும் ஏணியில் ஒரு படிதான்.

பதவி உயர்வைப் பற்றி மேலாளரிடம் நேராகக் கேளுங்கள்: "என்னிடம் எது குறைகிறது, எப்போது மறுபடி பார்க்கலாம்?" மழுப்பலான பதில் வந்தால், எந்த வேலையைத் தந்து சோதிப்பார்கள் என்று கேட்டு, அதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

தூக்கம் கெட்டு, வேலைக்குப் போகவே முடியாத நிலை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தப் பயத்துக்குச் சிகிச்சை உண்டு.