உயர்த்திய ஜீப்பும் முன் புஷ்ஷும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 ஒன்று வைத்திருக்கிறேன். தோட்ட ரோட்டில் அடி தட்டுகிறது என்று போன வருடம் 2 அங்குலம் உயரமான ஸ்பிரிங் போட்டேன். இப்போது மெயின் ரோட்டில் ஸ்டியரிங் ஒரு நிலையில் நிற்காமல் அலைகிறது, இறக்கத்தில் பிரேக் போட்டால் முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். முன் புஷ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ரப்பருக்குப் பதில் அதைவிடக் கெட்டியான பொலியூரிதேன் போடச் சொல்கிறார்கள் கராஜில். போட்டால் இரண்டும் சரியாகுமா?
(நோர்வூட் வாசகர்)

பதில்: சத்தம் போகும், அலைச்சல் போகாது. இரண்டும் ஒரே காலத்தில் வந்ததால் ஒரே வியாதி மாதிரித் தெரிகிறது, ஆனால் காரணம் வேறு வேறு.

முதலில் சத்தத்தைப் பார்ப்போம். உங்கள் ஜீப்பின் முன் அச்சை முன்பின் போகாமல் பிடித்திருப்பவை ரேடியஸ் ஆம் என்ற இரண்டு தடித்த இரும்புக் கைகள். ஒவ்வொரு கையிலும் அச்சோடு சேரும் இடத்தில் இரண்டு ரப்பர் புஷ் (இரும்பும் இரும்பும் தட்டாமல் நடுவே இருக்கும் ரப்பர்த் துண்டு), பின்னால் சேஸியோடு சேரும் இடத்தில் இன்னொரு சோடி. பிரேக் பிடித்ததும் சில்லோடு சேர்ந்து அச்சும் முன்பக்கமாகச் சுழலப் பார்க்கும், அதைச் சுழலவிடாமல் தாங்குவது அச்சுப் பக்கத்து அந்த இரண்டு புஷ்தான். கொழும்புத் தெருவில் ஓடும் வாகனத்துக்கு இது எப்போதாவது வரும் பாரம், ஆனால் கினிகத்தேனைப் பக்கம் இறங்குகிற வாகனத்துக்கு வளைவுக்கு வளைவு அதே பாரம்தான், அதனால்தான் நம் பக்கத்து ஜீப்புகளில் இந்தப் புஷ் சீக்கிரம் போகிறது. ஸ்விவலிலிருந்தோ (முன் சில்லு திரும்புகிற அச்சு முனை) ஸ்டியரிங் பெட்டியிலிருந்தோ எண்ணெய் சொட்டினால் ரப்பர் ஊதி இளகிவிடும். அந்த ஒழுக்கை நிறுத்தாமல் புதுப் புஷ் போடுவது காசை வீசுவதுதான்.

போய்விட்டதா என்று பார்க்க, சமதரையில் நிறுத்திப் பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டு, கைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு கடப்பாரையைக் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் கொடுக்கும், அது சரி. இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம் கேட்டாலோ, புஷ்ஷின் நடு ஓட்டை ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தாலோ மாற்றத்தான் வேண்டும்.

இப்போது அலைச்சல். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறதே, அதே மாதிரிச் சாய்வு ஜீப்பின் முன் சில்லுக்கும் உண்டு, காஸ்டர் என்று சொல்வார்கள். வளைத்த ஸ்டியரிங் கையை விட்டால் தானாக நேருக்கு வருவது அதனால்தான். பழைய டிஃபெண்டருக்குத் தொழிற்சாலையில் வைத்தது 3 பாகை. ஸ்பிரிங் உயர்ந்து சேஸி மேலே போகும்போது கையின் பின்நுனியும் கூடவே மேலே போகிறது, முன்நுனியில் இருக்கிற அச்சு முன்பக்கமாகப் புரள்கிறது. 2 அங்குலத்துக்கு ஏறக்குறைய 3 பாகை போய்விடும், அதாவது இருந்தது அத்தனையும். எவ்வளவு நல்ல புஷ் போட்டாலும் அதே இடத்தில் போட்டால் கோணமும் அதேதான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கோணம் திருத்திச் செய்த ரேடியஸ் ஆம். மற்றது, ஓட்டையை நடுவில் வைக்காமல் ஒதுக்கிச் செய்த காஸ்டர் புஷ். இரண்டாவது மலிவு, ஆனால் ஒரு பக்கம் சுவர் மெல்லிசாக இருப்பதால் சீக்கிரம் தேயும், திசை மாற்றிப் போட்டால் இருக்கிற கொஞ்சமும் போகும். அச்சின் மேல்பக்கம் பின்னால் சாய வேண்டும், அதை வேலை செய்கிற பாஸிடம் வாயால் சொல்லிவிட்டு விடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். காசு இருந்தால் கையையே மாற்றுங்கள் என்பேன். எதைச் செய்தாலும் அதற்குப் பிறகு முன் புரொபெல்லர் ஷாஃப்டில் (எஞ்சின் சக்தியை அச்சுக்குக் கொண்டுபோகும் சுழல் தண்டு) அதிர்வு வருகிறதா என்று கவனியுங்கள், அச்சு புரளும்போது அதன் ஜொயின்ட் கோணமும் மாறும்.

கேள்வி: அப்படியானால் பொலியூரிதேன் நல்லதா, ரப்பர் நல்லதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
(பண்டாரவளை வாசகர்)

பதில்: எந்த இடத்துக்கு என்று கேட்டால் சரியான பதில் உண்டு. பானார்ட் ராடுக்கு, அதாவது அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கிற குறுக்குக் கம்பிக்கு, பொலியூரிதேன் நல்லது. அங்கே கெட்டியாக இருந்தால் ஸ்டியரிங்கும் கெட்டியாக இருக்கும். ரேடியஸ் ஆமின் அச்சுப் பக்கத்துக்கு நான் ரப்பர்தான் சொல்வேன், ஏனென்றால் ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கி மற்றது கல்லில் ஏறும்போது அச்சு முறுக வேண்டும். இரண்டு கைகளும் இரண்டிரண்டு புஷ்ஷால் அச்சைக் கவ்விப் பிடித்திருக்கிறபோது அந்த முறுக்கத்துக்கு இடம் கொடுப்பது ரப்பரின் இளக்கம் மட்டும்தான். அங்கே கெட்டியானதைப் போட்டால் அச்சு முறுக மறுக்கும், சில்லு தரையைவிட்டுத் தூக்கும், அந்த இழுவை முழுவதும் போல்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் போய்ச் சேரும். தேயிலை மலைக்கு நடுவே மழையில் கரைந்துபோன ரோட்டில் நான்கு சில்லும் தரையில் இருப்பதுதான் உயிர்.

பொலியூரிதேன் போடுகிறவர்கள் அதோடு வருகிற கிரீஸை மட்டும் பூசுங்கள், அது இல்லாமல் போட்டால் கீச்சிடும். ரப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண கிரீஸ் கூடவே கூடாது, அது ரப்பரைத் தின்னும்.

கேள்வி: புதுப் புஷ் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, எல்லாம் கிழிந்துவிட்டது. சாமான் நல்ல சாமான், கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேடி அலைந்து வாங்கியது. ஜீப்பைத் தூக்கி வைத்து முறையாகத்தான் போல்ட் எல்லாம் இறுக்கினார்கள்.
(மஸ்கெலியா வாசகர்)

பதில்: தூக்கி வைத்து இறுக்கியதுதான் காரணமாக இருக்க வேண்டும். இந்த விஷயம் எல்லாக் கராஜிலும் சுவரில் எழுதி ஒட்ட வேண்டியது. ரப்பர் புஷ் சுழல்வதில்லை. வெளிக்குழாய், ரப்பர், உள்குழாய் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு ரேடியஸ் ஆம் மேலும் கீழும் அசைவது ரப்பர் முறுகித்தான். அச்சு தொங்கிக்கொண்டிருக்கும்போது பூட்டினால் அந்தத் தொங்கும் நிலைதான் ரப்பருக்கு இயல்பு நிலை. ஜீப்பைக் கீழே இறக்கியவுடனே ரப்பர் முறுகிவிடும், சும்மா நிற்கும்போதும் முறுகியே நிற்கும், பள்ளத்தில் போகும்போது இன்னும் முறுகும், பிறகு கிழியாமல் என்ன செய்யும்? உயர்த்திய ஜீப்பில் ஸ்பிரிங் நீளம், அச்சு இன்னும் கீழே தொங்கும், அதனால் கேடு இன்னும் கூட.

போல்ட்டைக் கோர்த்து நட்டைக் கையிறுக்கம் மட்டும் கொடுங்கள். ஜீப்பைச் சில்லில் இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கிக் குலுக்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, வழக்கமான சுமையோடு சமதரையில் நிற்கும்போது கையேட்டில் சொன்ன அளவுக்கு டோர்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள். கொஞ்ச நாள் ஓடியபிறகு மறுபடி ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பிரஸ் (அழுத்தித் தள்ளும் இயந்திரம்) இல்லாமல் வீட்டிலேயே புஷ்ஷை மாற்றலாமா?
(இறம்பொடை வாசகர்)

பதில்: ரேடியஸ் ஆம் கையைக் கழற்றுவதும் பூட்டுவதும் வீட்டில் முடியும். புஷ்ஷை வெளியே தள்ளவும் புதியதை ஏற்றவும் மட்டும் அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு பிரஸ் இருக்கிற கராஜுக்குப் போங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் வெளிக்குழாய் நெளியும், நெளிந்தது இறுக்கமாக உட்காராது. பிரஸ்ஸில் தள்ளும்போதும் வெளிக்குழாயின் விளிம்பில்தான் தள்ள வேண்டும், ரப்பரில் அல்ல. புது புஷ்ஷை முந்தின இரவே ஃபிரீசரில் வைத்தால் ஏறுவது கொஞ்சம் சுலபம். பழையதை நெருப்பு வைத்து எரிக்கிறவர்கள் உண்டு, அந்தப் புகை நெஞ்சுக்குக் கேடு, வேண்டாம்.

இடத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் பக்கம் சமதரை கிடைப்பதே அரிது, வீட்டு முற்றம்கூடச் சரிவுதான், அதற்காகச் சரிவில் ஜீப்பைத் தூக்காதீர்கள். டிஃபெண்டரின் கை பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை, பின்பக்கம் போகும் புரொபெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது, அதை மட்டும் நம்பி அடியில் படுப்பது ஆபத்து. பின் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை, சேஸிக்கு அடியில் இரண்டு ஸ்டாண்ட், அச்சுக்கு அடியில் ஜக், இவ்வளவும் வேண்டும். செங்கல்லை அடுக்கி வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

ஒரு கையை முழுதாக முடித்துவிட்டு அப்புறம் மற்றதைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் அச்சு தன் இஷ்டத்துக்குப் புரளும், போல்ட் ஓட்டைகளைத் திரும்ப நேராக்குவது பெரும் பாடு. கழற்றிய போல்ட்டைத் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள், நடுவில் பள்ளம் தட்டுப்பட்டால் புதுசு வாங்குங்கள். பிராக்கெட் ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் புதுப் புஷ்ஷும் சத்தத்தை நிறுத்தாது, முதலில் பிராக்கெட்டைச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: 60, 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் முன் சில்லு இரண்டும் படபடவென்று ஆடுகிறது, ஸ்டியரிங்கைப் பிடிக்கவே முடியவில்லை. ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்குகிற டேம்பரைப் புதிதாகப் போட்டால் போதுமா?
(நானுஓயா வாசகர்)

பதில்: போதாது. டேம்பர் ஆட்டத்தை மூடி மறைக்கும், காரணம் உள்ளேயே இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, சில்லு தரையில் இருக்க, ஒருவரை ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்டச் சொல்லிவிட்டு நீங்கள் முன்னால் குனிந்து பானார்ட் ராடின் இரண்டு முனையையும் பாருங்கள். கம்பி புஷ்ஷுக்குள் அசைந்தால் அங்கேதான் கோளாறு. அங்கே அசைவில்லையென்றால் ஸ்டியரிங் ராடுகளின் பந்து மூட்டு, அப்புறம் ஸ்விவல் பின்னின் இறுக்கம், சில்லு பேரிங், டயர் பேலன்ஸ் என்று வரிசையாகப் பாருங்கள். அதுவரை மெதுவாகவே ஓட்டுங்கள், முக்கியமாக இறக்கத்தில்.