தாத்தாவைப் பத்தி எழுதணும்

கேள்வி: எங்க தாத்தா ராணுவத்துல, மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற இன்ஜினியர் படையில இருந்தவர், அப்புறம் அல்சூர்ல ஹார்ட்வேர் கடை வச்சிருந்தார், தெருவுல அவர் பேசாத ஆளே கிடையாது. போன மாசம் தவறிட்டார். அவரைப் பத்தி எழுதி வைக்கணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?
– வாசகி, பெங்களூரு

பதில்: மொதல்ல ராணுவத்துலேர்ந்து வெளிய வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை தேடி எடுங்கம்மா, எப்போ சேர்ந்தார்னு அதுல இருக்கும், மெடல்ல பூர்வி ஸ்டார் இருந்தா 1971 போர்ல கிழக்கு முனையில இருந்திருக்கார், பஸ்சிமி ஸ்டார்னா மேற்கு. 1780ல தொடங்கின படை, மியூசியமும் உங்க ஊர்லயே இருக்கு.

ஆனா எனக்கு கடைதான் முக்கியமா படுது. சாயங்காலம் யார் யார் வந்து உக்காந்தாங்க, யாருக்கு கடன் கொடுத்துட்டு திருப்பி கேக்காம விட்டார், இதெல்லாம் எந்த ரெக்கார்டுலயும் வராது, கூட இருந்தவங்களும் வயசானவங்க, இந்த வாரமே போய் பேச வச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணிடுங்க. பாட்டி இருந்தா அவங்ககிட்ட மொதல்ல.