கடன் வாங்கி அலமாரி கட்டலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். கோவையில் சிங்காநல்லூர் பக்கம் இருக்கிறோம். எனக்கு வயது 39. தனியார் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் 31,000 ரூபாய். கணவருக்குப் பம்ப் கம்பெனியில் வேலை, கையில் 58,000 வரும். 2019-இல் 52 லட்சத்துக்கு இரண்டு படுக்கையறை ஃபிளாட் வாங்கினோம். வீட்டுக்கடன் தவணை 31,000. அது போக டி.வி.க்கு 4,000, ஏ.சி.க்கு 4,200, வாஷிங்மெஷினுக்கும் கணவரின் போனுக்கும் சேர்த்து 4,500 தவணை ஓடுகிறது. ஆர்.டி. (வங்கியில் மாதாமாதம் போடும் சேமிப்பு) 3,000, சீட்டு 5,000 கட்டுகிறோம். மாமியார், இரண்டு பிள்ளைகளோடு ஐந்து பேர். இரண்டாவது அறை முழுக்கச் சாமான் நிரம்பிவிட்டது. பத்தாவது படிக்கும் மகள் ஹாலில் டி.வி. சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து படிக்கிறாள். காலையில் ஸ்கூட்டர் சாவி, யூனிஃபார்ம், கேஸ் புத்தகம் என எதைத் தேடினாலும் சண்டையில்தான் முடிகிறது. இன்டீரியர் கம்பெனி வந்து பார்த்துவிட்டு, சுவர் அலமாரி, லாஃப்ட் கதவு, மாடுலர் கிச்சன் எல்லாம் சேர்த்து 6 லட்சம் ஆகும் என்கிறார்கள். 13 சதவிகித வட்டியில் 5 வருடத்துக்குத் தனிநபர் கடன் தயார் என்று வங்கியிலிருந்து மெசேஜ் வருகிறது. இருக்கும் வீட்டுக்கடனோடு கூடுதலாக டாப்-அப் கடன் வாங்கினால் ஒன்பதரை சதவிகிதம், 15 வருடம். எதை வாங்கலாம்? இன்டீரியர்காரர்களுக்காக எழுதிய சாமான் பட்டியலையும், எதற்கு எப்போது தவணை முடிகிறது என்பதையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டு கடனும் வேண்டாம். எந்தக் கடனில் வட்டி குறைவு என்று நீங்களே கணக்குப் போட்டிருக்கிறீர்கள், வரவு செலவும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் பட்ஜெட் போடுவது எப்படி என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. நீங்கள் இணைத்த பட்டியலைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அதைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். வீடு வாங்கியதிலிருந்து பெரிய பொருள்களாக 11 வந்திருக்கின்றன. எல்லாமே தவணையில். மதிப்பு 5 லட்சத்துக்குப் பக்கம். ஒரு தவணை முடிந்து இரண்டு மாதம் போவதற்குள் அடுத்த பொருள் வந்துவிடுகிறது. ஒரு தடவைகூட இது தவறவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த 11 பொருள் உள்ளே வந்தபோது, பழையது எதுவுமே வெளியே போகவில்லை. பழைய ஃபிரிட்ஜ் பால்கனியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய டி.வி. அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. பழைய வாஷிங்மெஷின் மேல் துணிமூட்டை இருக்கிறது. உங்கள் வீட்டில் அலமாரிக்குப் பஞ்சமில்லை. தவணை முடிந்ததும் அந்தப் பணத்தைச் சம்பள உயர்வு வந்தது போல நினைத்துக்கொள்ளும் பழக்கம்தான் வீட்டையும் நிரப்புகிறது, சேமிப்பையும் காலி செய்கிறது.

வட்டியில்லாத் தவணைதானே, அதில் என்ன நஷ்டம் என்று உங்கள் கணவர் கேட்கலாம். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டியைச் செயல்முறைக் கட்டணம் (புராசஸிங் ஃபீஸ்) என்ற பெயரில் மறைத்து வாங்குவதைத்தான் அது கண்டித்தது. அதன்பிறகு பெயர்தான் மாறியிருக்கிறது. உங்கள் டி.வி.யையே எடுத்துக்கொள்வோம். 48,000 ரூபாய், 12 தவணை. ரொக்கமாகக் கொடுக்கிறேன் என்று பேரம் பேசியிருந்தால் 2,500, 3,000 குறைந்திருக்கும். செயல்முறைக் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் 350 என்று வையுங்கள். ஆக 3,200 ரூபாய் கூடுதல். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால், வருடம் முழுக்க உங்கள் கையில் இருந்த கடன் சராசரியாகப் பாதிதான், சுமார் 25,000. அதற்கு 3,200 என்றால் 13 சதவிகிதம் ஆகிறது. தனிநபர் கடனின் வட்டியும் அதேதான்! இதற்கு மேல் பில் போடும் இடத்தில் தலையில் கட்டிய நீட்டிப்பு வாரண்டி வேறு 3,500. 2025 செப்டம்பரில் பெரிய டி.வி.க்கும் ஏ.சி.க்கும் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது உண்மைதான். தேவையில்லாத பொருளை அதற்காக வாங்கினால் மிச்சம் ஒன்றும் இல்லை.

அடுத்து, அந்த இரண்டாவது அறை. பத்திரத்தில் 950 சதுர அடி இருக்கும், ஆனால் கால் வைத்து நடக்கும் இடம் 700-க்கு மேல் இருக்காது. அதில் இந்த அறை 110. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 52 லட்சத்தில் ஆறில் ஒரு பங்கு என்றால் எட்டரை லட்சம் வருகிறது. நீங்கள் கட்டும் 31,000 தவணையில் மாதம் 5,000 ரூபாய் இந்த அறைக்காகப் போகிறது. ஓடாத மிக்ஸிக்கும் பழைய டி.வி.க்கும் மாதம் 5,000 ரூபாய் வாடகை கொடுத்து இடம் பிடித்து வைத்துவிட்டு, பெற்ற பிள்ளையை ஹாலில் படிக்கவைத்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தப்படவைத்தது இதுதான்.

பால்கனி ஃபிரிட்ஜையும் விட்டுவிட முடியாது. பழைய பெட்டி ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் இழுக்கும் என்று வைத்தாலும், இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். ஏ.சி. ஓடும் வீடு என்பதால் உங்கள் கணக்கு 500 யூனிட்டை ஒட்டித்தான் இருக்கும். 500-ஐத் தாண்டிவிட்டால் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போகும். அதோடு 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த சலுகையும் போய்விடும். ஆக ஒரு பில்லுக்கு ஏறக்குறைய 900 ரூபாய். வருடத்துக்கு 5,000-க்கு மேல். அதற்குள் இருப்பது தண்ணீர் பாட்டிலும் மாவுப் பாத்திரமும்தானே.

சரி, கடனுக்கு வருவோம். 89,000 வருமானத்தில் வீட்டுக்கடன், மற்ற தவணைகள், ஆர்.டி., சீட்டு எல்லாம் போக இப்போது மிஞ்சுவது 37,300. தனிநபர் கடன் வாங்கினால் மாதம் 13,650 கட்ட வேண்டும். மிச்சம் 23,650. மளிகை, பால், பெட்ரோல், இரண்டு பிள்ளைகளின் ஃபீஸ், மாமியாரின் மருந்து எல்லாம் இதற்குள் அடங்காது. மூன்றாவது மாதமே கிரெடிட் கார்டைத் தேய்க்க ஆரம்பிப்பீர்கள். டாப்-அப் என்றால் தவணை 6,265-தான், அதனால் லேசாகத் தெரியும். 15 வருடத்துக்குக் கூட்டினால் 11 லட்சத்து 28 ஆயிரம். 6 லட்சத்துக்கு 5 லட்சத்துக்கு மேல் வட்டி. அலமாரியின் கீல் கழன்று விழுந்த பிறகும் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். வரிச்சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். புதிய வரி முறையில், குடியிருக்கும் சொந்த வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது.

இன்னும் 18 மாதத்துக்கு எதையும் தவணையில் வாங்குவதில்லை என்று நீங்களும் கணவரும் முடிவு எடுங்கள். ஃபிரிட்ஜ் கெட்டுப்போனால்? மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவரும் கைவிரித்தால் சேர்த்த பணத்தில் வாங்குங்கள். போனில் இருக்கும் தவணைக் கார்டு ஆப்பை நீக்கிவிடுங்கள். ஆடித் தள்ளுபடியும் தீபாவளி ஆஃபரும் அடுத்த வருடமும் வரும்.

அப்புறம் வீட்டை ஒழிப்பது. போகிக்கு வருடா வருடம் எல்லோரும் செய்கிறோம், ஆனால் ஒட்டடை அடித்துவிட்டுப் பெரும்பாலான சாமானை அதே இடத்தில் திரும்ப வைத்துவிடுகிறோம். இந்தத் தடவை மொத்த வீட்டிலும் கை வைக்காதீர்கள். மகளுக்காக அந்த இரண்டாவது அறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஹாலுக்குக் கொண்டுவந்து, போன பொங்கலிலிருந்து இன்றுவரை தொடாத பொருள்களைத் தனியாக வையுங்கள். அவை திரும்ப அந்த அறைக்குள் போகக் கூடாது. அந்த அறையில் கட்டில், மேசை, அவள் துணிக்கும் புத்தகத்துக்கும் ஒரு பீரோ இருந்தால் போதும். இப்போதே ஆன்லைனில் பிளாஸ்டிக் டப்பாக்களும் அடுக்குப் பெட்டிகளும் வாங்கிக் குவிக்காதீர்கள். வீட்டை ஒழுங்கு செய்கிறேன் என்று ஆரம்பித்து அதற்கே நாலாயிரம், ஐயாயிரம் செலவு செய்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சாமான் குறைந்த பிறகு பார்த்தால் அந்த டப்பாக்களே அதிகப்படியாக நிற்கும்.

மாமியார் எதையும் தூக்கிப் போட விடுவதில்லை என்று பட்டியலின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவரைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொரு பாத்திரத்தையும் காசு சேர்த்து வாங்கிய தலைமுறை அது. தூக்கிப் போடுவதுதான் அவர்களுக்குப் பிடிக்காது, கொடுப்பது பிடிக்கும். 'அத்தை, இந்த கிரைண்டரை யாருக்குக் கொடுக்கலாம்?' என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கு எது தேவைப்படும் என்று உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். பேத்தியின் சீருக்கென்று அவர் எடுத்து வைத்திருக்கும் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளங்களை விற்கச் சொல்ல மாட்டேன். பித்தளையை எடைக்குப் போட்டாலே கிலோவுக்குச் சில நூறு ரூபாய் கிடைக்கும், வைத்திருந்தாலும் வீணாகாது. மூட்டை கட்டி லாஃப்டில் ஒரு பக்கமாக வையுங்கள். ஆனால் எவர்சில்வரில் ஒரே அளவில் நாலு செட் டிபன் கேரியர் இருப்பதில் மூன்றுக்கு அவரே ஆள் சொல்வார்.

நாத்தனார் பெங்களூரு போகும்போது இரண்டு மாதத்துக்கென்று வைத்துவிட்டுப் போன கட்டிலும் பீரோவும் நாலு வருடமாக உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. இதை நீங்கள் பேச வேண்டாம், கணவர் தன் தங்கையிடம் பேசட்டும். 'அடுத்த மாதக் கடைசிக்குள் வண்டி அனுப்பு, இல்லையென்றால் விற்று உனக்குப் பணம் அனுப்பிவிடுகிறேன்' என்று ஒரு தேதியோடு சொன்னால் போதும். அங்கே அவர்கள் புதுக்கட்டில் வாங்கியிருப்பார்கள். விற்றுவிடச் சொல்லத்தான் அதிக வாய்ப்பு.

பழைய சாமானை விற்றுப் பெரிய தொகை வரும் என்று நினைக்காதீர்கள். பால்கனி ஃபிரிட்ஜுக்கும் பழைய மெஷினுக்கும் செகண்ட்ஹேண்ட் கடையில் சில ஆயிரங்கள் கிடைக்கலாம். ஓடாத எலெக்ட்ரானிக்ஸ் பொருள்களைத் தெருவில் வருகிறவரிடம் போடாமல், அனுமதி பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சிக்கான பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. அதனால் பல கம்பெனிகளின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டாலே வழி சொல்வார்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்றால், முடியப்போகும் தவணைகளிலிருந்துதான். வாஷிங்மெஷின், போன் தவணை இன்னும் 2 மாதத்தில் முடிகிறது. மீதி 10 மாதத்துக்கு 4,500 வீதம் 45,000. டி.வி. 5 மாதத்தில் முடிகிறது, 7 மாதத்துக்கு 28,000. ஏ.சி. 8 மாதத்தில் முடிகிறது, 4 மாதத்துக்கு 16,800. ஒரு வருடத்தில் 90,000 ரூபாய், புதிதாக ஒரு ரூபாய் சம்பாதிக்காமல். ஒவ்வொரு தவணை முடியும் மாதமும் அதே தேதியில் அதே தொகை ஒரு ஆர்.டி.க்குத் தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். கையில் நின்றால் அது கடைக்குப் போய்விடும்.

அந்த வருடக் கடைசியில் ஒரு ஆசாரியைக் கூப்பிட்டு, மீதியிருக்கும் சாமானைக் காட்டி, லாஃப்டுக்குக் கதவும் சமையலறையில் இழுப்பறையும் மட்டும் கேளுங்கள். மாடுலர் கிச்சன் வேண்டாம். சாமான் பாதியாகக் குறைந்த பிறகு 50,000, 60,000 ரூபாய் வேலைதான் தேவைப்படும். மிச்சத்தை அவசரத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று இப்போது தனியாக எதுவுமே இல்லை. சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்து இன்டீரியர்காரர்களுக்குக் கொடுக்கும் யோசனை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது வருடம் மாதம் 12,700 முழுசாக மிஞ்சும். வருடத்துக்கு ஒன்றரை லட்சம். அப்போது உங்கள் மகள் பிளஸ் டூவில் இருப்பாள், அடுத்த ஜூனில் கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டும். அந்தப் பணத்துக்கு எஸ்.ஐ.பி. (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் முதலீடு) போடச் சொல்லி யாராவது வருவார்கள். ஒரு வருடத்தில் எடுக்க வேண்டிய காசைப் பங்குச்சந்தையில் போடக் கூடாது. அஞ்சலக ஆர்.டி.யும் 5 வருடத்துக்கானது, உங்கள் தேவைக்குப் பொருந்தாது. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே 12 மாத ஆர்.டி. போடுங்கள், கல்லூரி சேர்க்கைக்கு முன் கைக்கு வரும்படி தேதி பார்த்து.