அறுந்த குதிகால் நாண்: கத்தி வைக்காமல் சேருமா?

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் பின்னலாடைப் பட்டறை நடத்துகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆடும்போது, பின்னாலிருந்து யாரோ வலது காலில் உதைத்ததுபோல் இருந்தது; திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. குதிகால் நாண் (கெண்டைச்சதையைக் குதி எலும்போடு இணைக்கும் தடித்த நார்) முழுவதும் அறுந்துவிட்டது, இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது. ஒரு மருத்துவர் உடனே அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார். இன்னொருவர் மாவுக்கட்டும் வாக்கர் பூட்டும் (கணுக்காலை அசையாமல் பிடிக்கும் உயரமான காலணி) போதும் என்கிறார். பாதத்தை ஓரளவு அசைக்க முடிகிறது. வீட்டிலோ எண்ணெய்க்கட்டுப் போடலாம் என்கிறார்கள். என்ன செய்வது? எப்போது நடக்கலாம், வண்டி ஓட்டலாம்?

பதில்: பாதத்தை அசைக்க முடிகிறது என்பதால் நாணில் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்று எண்ண வேண்டாம். கணுக்காலின் உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் செல்லும் வேறு சில தசைகளும் பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தக்கூடியவை என்பதால், குதிகால் நாண் முழுவதும் அறுந்தவர்களாலும் பாதத்தை ஓரளவு அசைக்க முடியும்; வெறும் சுளுக்கு என்று சொல்லி வாரக்கணக்கில் நாளைக் கடத்திவிடுவதும் இதனால்தான். உங்களைக் குப்புறப் படுக்க வைத்து, கெண்டைச்சதையை மருத்துவர் பிசைந்து பார்த்திருப்பார். நல்ல காலில் அப்படிச் செய்தால் பாதம் தானாகக் கீழே மடங்கும். நாண் அறுந்த காலில் மடங்காது. அறிக்கையைவிட அந்தச் சோதனையையே நான் அதிகம் நம்புவேன்.

அறுவை சிகிச்சை இல்லாமல் சேருமா என்றால், சேரும். இந்த நாண் பெரும்பாலும் குதி எலும்புக்கு மேலே 2 முதல் 6 சென்டிமீட்டருக்குள், இரத்த ஓட்டம் குறைவாக உள்ள பகுதியில் அறுகிறது. அறுந்த முனைகள் கத்தியால் வெட்டியதுபோல் இல்லாமல், நைந்து பிரிந்த தேங்காய்நார்க் கயிறுபோல் இருக்கும். பாதத்தின் முன்பகுதியைக் கீழ்நோக்கி வைத்தால் இரண்டு முனைகளும் நெருங்கி வரும். இடையில் கட்டிய இரத்தத்தின் மீது புதிய திசு வளர்ந்து, மாதக்கணக்கில் முறுக்கேறி நாணாகும். எனவே உங்கள் அறிக்கையிலுள்ள இரண்டரை சென்டிமீட்டரைக் கண்டு அஞ்சுவதற்கு முன், ஸ்கேன் எடுத்தபோது பாதம் எந்த நிலையில் இருந்தது என்று கேளுங்கள். செங்கோணமாக வைத்து எடுத்திருந்தால் அந்த அளவை வைத்து முடிவு செய்ய முடியாது. விரல்நுனியைக் கீழே மடக்கிய நிலையில் ஓர் அல்ட்ராசவுண்ட் எடுத்து, முனைகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொட்டால் பூட் சிகிச்சைக்கு நீங்கள் ஏற்றவர். அப்போதும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகி நின்றால் அறுவை சிகிச்சையைப் பற்றித் தீவிரமாக யோசிக்க வேண்டும்.

இரு மருத்துவர்களும் வேறுவேறு சொல்வதில் வியப்பில்லை. 2010-இல் வெளியான கனடா ஆய்வில் 144 பேரை இரு பிரிவாக்கிச் சிகிச்சை அளித்தபோது, அறுவை சிகிச்சை பெற்றவர்களில் இருவருக்கும் பெறாதவர்களில் மூவருக்கும் நாண் மறுபடி அறுந்தது. 2022-இல் நார்வேயில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்விலோ, மறுபடி அறுந்தது அறுவை சிகிச்சை இல்லாதவர்களில் 6.2 சதவீதம், செய்துகொண்டவர்களில் 0.6 சதவீதம். அதே ஆய்வில் நரம்புப் பாதிப்பு, சிறு துளையிட்டுத் தைத்தவர்களில் 5.2 சதவீதமாகவும், திறந்து தைத்தவர்களில் 2.8 சதவீதமாகவும், கத்தி படாதவர்களில் 0.6 சதவீதமாகவும் இருந்தது. ஓராண்டு முடிவில் நடப்பதிலும் அன்றாட வேலைகளிலும் மூன்று பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆக, மறுபடி அறுவதற்கான சற்றுக் கூடுதலான வாய்ப்பை ஏற்பதா, தையலால் வரும் தொற்றையும் நரம்புப் பாதிப்பையும் ஏற்பதா என்பதே கேள்வி. போட்டி விளையாட்டை நம்பி வாழாத, காயம்பட்டு ஒரு வாரம்கூட ஆகாத, முனைகள் தொட்டுக்கொள்கிற ஒருவருக்கு நான் பூட்டையே பரிந்துரைப்பேன். சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ இருந்தால் புண் ஆறுவது தாமதமாகும் என்பதால் இன்னும் உறுதியாகச் சொல்வேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

முதல் இரண்டு வாரங்கள், விரல்நுனி கீழே பார்த்தபடி போட்ட மாவுக்கட்டுடன், ஊன்றுகோல் துணையோடு, அந்தக் காலை ஊன்றாமல் இருக்க வேண்டும். அதன்பின் வாக்கர் பூட். அதற்குள் குதிகாலுக்கு அடியில் ஆப்பு வடிவத் துண்டுகளை அடுக்கி, குதி உயர்ந்தபடியே காலை ஊன்றி நடக்கப் பழக்குவார்கள். பல வாரங்கள் அசையாமல் மாவுக்கட்டில் கிடத்திய பழைய முறையைவிட இதுவே நல்லது என்பது என் கருத்து. அளவான பாரம் பட்டால்தான் புதிய நார்கள் நேராக அமையும். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஏறத்தாழ எட்டாவது வாரத்திலிருந்து பூட்டைப் படிப்படியாக விடலாம். இடையில் உட்கார்ந்தபடி பாதத்தைக் கீழே மடக்கி, செங்கோணம் வரை மட்டும் மேலே கொண்டுவரும் பயிற்சி உண்டு. செங்கோணத்தைத் தாண்டக் கூடாது.

இந்தச் சிகிச்சையில் பலர் தோற்பது நாண் சேராததால் அல்ல, நீண்டு சேர்வதால். ஒரு சென்டிமீட்டர் நீண்டு சேர்ந்தாலும் கெண்டைச்சதையால் இழுத்துப் பிடிக்க முடியாமல், குதியை உயர்த்தும் வலு நிரந்தரமாகக் குறையக்கூடும். நம் வீடுகளில் இதற்கான ஆபத்துகள் மேல்நாட்டுக் கையேடுகளில் இல்லாதவை. தரையில் உட்காரும் கழிப்பறையில் குந்தினால் பாதம் முழுமையாக மேல்நோக்கி மடங்கும். நாணுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. மேல்நாட்டுக் கழிப்பறை இல்லையென்றால் கழிப்பறை நாற்காலி ஒன்றை வாங்கிவிடுங்கள். பூட்டை விட்ட பிறகும் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் பழக்கத்தைச் சில மாதங்கள் கைவிட்டு, குதி சற்று உயர்ந்த செருப்பை வீட்டுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போது பூட்டைக் கழற்றினால், ஸ்டூலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக் குளியுங்கள். ஈரத் தரையில் வழுக்கி அந்தக் காலை அழுத்தி ஊன்றிய ஒரு நொடியில் நாண் மறுபடி அறுந்துவிடலாம். படியில் ஏறும்போது நல்ல காலும் இறங்கும்போது காயப்பட்ட காலும் முந்த வேண்டும். கணுக்கால் விறைத்திருக்கிறதே என்று துண்டை மாட்டிப் பாதத்தை இழுக்கும் பயிற்சியை யாரேனும் சொல்லித் தந்தால், முதல் மூன்று மாதங்கள் செய்யாதீர்கள். விறைப்பு பின்னர் தளரும். நீண்ட நாண் சுருங்காது.

எண்ணெய்க்கட்டு வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். உருவிவிடும்போது பாதத்தை மேலே மடக்கி இழுப்பார்கள். சேரத் தொடங்கிய முனைகள் விலகிவிடும். கெண்டைச்சதையை அழுத்தி உருவுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அசைவற்ற காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையக்கூடும். அந்த உறைகட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. கட்டுப்போட்ட காலில் வீக்கமும் வலியும் திடீரெனக் கூடினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். உறைவுத் தடுப்பு மருந்து உங்களுக்குத் தேவையா என்றும் இப்போதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

காயம் வலது காலில் என்பதால் பூட் இருக்கும்வரை காரும் பைக்கும் ஓட்டக் கூடாது. பூட்டை விட்டபின், வலியில்லாமல் பிரேக்கை அழுத்தி மிதிக்க முடிந்த பிறகே தொடங்க வேண்டும். பெரும்பாலோருக்கு அது மூன்றாவது மாதமாகிவிடும். உட்கார்ந்து செய்யும் கணக்கு வேலைக்குச் சில வாரங்களிலேயே திரும்பலாம், காலை உயரமாக வைத்துக்கொண்டால். நின்று செய்யும் வேலைக்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகலாம். வண்டியைக் கிக்கர் உதைத்து ஸ்டார்ட் செய்வதை வெகு நாள் தவிர்த்துவிடுங்கள்.

ஷட்டிலுக்குத் தேதி குறிக்காதீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, காயப்பட்ட ஒற்றைக்காலில் நின்று குதியை உயர்த்திப் பாருங்கள். நல்ல காலின் உயரத்துக்கு ஏறத்தாழ ஈடாக, தளராமல் பலமுறை உயர்த்த முடிகிற நாளில்தான் ஓட்டத்துக்கும் தாவலுக்கும் படிப்படியாகப் போகலாம். பொதுவாக மெதுவான ஓட்டம் ஐந்தாறு மாதத்திலும், திடீரெனத் திரும்பித் தாவும் ஆட்டம் ஒன்பது மாதம் முதல் ஓராண்டிலும் கைகூடும்.

கடைசியாக, காயத்துக்கு முந்தைய வாரங்களில் சிறுநீர்த் தொற்றுக்கோ வயிற்றுப்போக்குக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்ற மாத்திரை சாப்பிட்டீர்களா என்று நினைத்துப் பாருங்கள். இவை நாண்களைப் பலவீனப்படுத்தக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே கடுமையான எச்சரிக்கை விடுத்திருக்கிறது. சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லி, அந்த வகை மருந்து வேண்டாம் என்று மருத்துவக் குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.