வரிசையை மாற்றினால் வரலாறு பொய்யாகுமா?

வணக்கம் அண்ணா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். வேலந்தாவளம் வழியாகத் தினமும் கோவைக்குப் போய் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பால் சொசைட்டிகளுக்கான கணக்கு மென்பொருள். எங்கள் பக்கத்து சொசைட்டிகளுக்கு ரசீது தமிழிலும் மலையாளத்திலும் வர வேண்டும். இரண்டும் தெரியும் என்று அந்த வேலையை என்னிடம் தந்தார்கள். செய்யும்போது விலைக் கணக்கில் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினேன். எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) ரவுண்டிங்கில் ஒரு பிழை கண்ணில் பட்டது, அதையும் திருத்தினேன். எல்லாம் கலந்து கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) பதினொரு கமிட், அதாவது பதினொரு பதிவு. "ரவுண்டிங் திருத்தம் முதலில் வரட்டும், மற்றதைப் பிரித்து அடுக்கி அனுப்பு" என்று சீனியர் திருப்பிவிட்டார். நடந்ததை நடந்தபடி வைப்பதுதானே வரலாறு? மாற்றி அடுக்குவது பொய் இல்லையா? முயன்று பார்த்தபோது கான்ஃப்ளிக்ட் (மாற்றங்கள் பொருந்தாமல் கிட் நிற்பது) வந்தது, பயந்து நிறுத்திவிட்டேன்.

க.

அன்புள்ள க.,

உங்கள் சீனியர் கேட்டது நியாயம். பதினொன்றில் நாலைந்தாவது "டைப்போ சரி", "மறுபடி டைப்போ" வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது நீங்கள் அந்த வாரம் எப்படி வேலை செய்தீர்கள் என்பதன் பதிவு. படிப்பவருக்கு வேண்டியது எது மாறியது, ஏன் மாறியது என்பது மட்டும்தான்.

இந்த வழக்கம் கிட்டுக்கும் முந்தையது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், அதைப் பராமரித்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ மார்ட்டன் பேட்ச்களை, அதாவது நிரல் மாற்றங்களை, தனித்தனிக் கோப்புகளாக வைத்து, எதற்குப் பின் எது என்பதை ஒரு பட்டியலில் எழுதி நிர்வகித்தார். அவருடைய ஸ்கிரிப்ட்களிலிருந்து வளர்ந்ததுதான் குவில்ட் என்ற பேட்ச் அடுக்கும் கருவி. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் தொகுப்புகளில் இன்றும் 'சீரீஸ்' என்ற கோப்பு அதே வேலையைச் செய்கிறது: பேட்ச்களைக் கழற்றி, சீரீஸில் ஒரு வரியை மேலே நகர்த்தி, மறுபடி ஏற்றினால் வரிசை மாறிவிடும். அங்கே யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. வரிசையில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் கெர்னல் பில்டாகி ஓட வேண்டும் என்பது மட்டும் கறாரான விதி. இல்லையென்றால் பிழையைத் தேடி பைசெக்ட் (வரிசையைப் பாதிபாதியாகப் பிரித்துத் தேடுவது) போடுகிறவர் நடுவழியில் மாட்டிக்கொள்வார்.

பிறர் எடுத்து வேலை செய்துகொண்டிருக்கும் கிளையில் (கமிட்களின் ஒரு தனி வரிசை) மட்டும் கை வைக்காதீர்கள். உங்களுடையது இன்னும் ரிவ்யூவில்தானே இருக்கிறது, தாராளமாகச் செய்யலாம்.

இப்போது கான்ஃப்ளிக்ட். முதலில் இருக்கும் நிலைக்கு 'பழசு' என்று ஒரு கிளை போட்டுக்கொள்ளுங்கள், பயம் பாதி போய்விடும். (மறந்தாலும் கிட்டின் உள்பதிவான ரீஃப்ளாக் பழைய நிலையை இயல்பாக 30 நாளாவது வைத்திருக்கும்.) கமிட்களை மாற்றி அடுக்க உதவும் இன்டராக்டிவ் ரீபேஸ் திறந்தால் வரும் பட்டியலில் பழைய கமிட் மேலே, புதியது கீழே, கமிட்களைப் பட்டியலிடும் கிட் லாகுக்கு நேர் தலைகீழ். டைப்போ கமிட்களை அவை சேர வேண்டிய கமிட்டுக்கு அடியில் நகர்த்தி 'ஃபிக்ஸப்' (மேலே உள்ள கமிட்டோடு சேர்த்துவிடு) என்று மாற்றுங்கள். இந்தச் சுற்றில் வேறொன்றும் வேண்டாம். ரவுண்டிங் வரியை மேலே ஏற்றுவது அடுத்த சுற்றுக்கு.

அப்போது கிட் இரண்டு முறை நிற்கும் என்று எதிர்பாருங்கள். நீங்கள் ரவுண்டிங்கைத் திருத்தியது ஃபங்ஷனின் பெயரை மாற்றிய பிறகு. திருத்திய வரியிலோ அதை ஒட்டியோ புதுப் பெயர் இருக்கும். முன்னே கொண்டுபோனால் அந்தப் பெயர் அங்கே இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் முதல் நிறுத்தத்தில் பழைய பெயரை வைத்துக்கொண்டு ரவுண்டிங்கை மட்டும் திருத்துங்கள். பின்னால் பெயர் மாற்றும் கமிட் வரும்போது மறுபடி நிற்கும், அங்கே திருத்திய வரிக்குப் புதுப் பெயரைக் கொடுங்கள். பலரும் இந்த இரண்டாவது நிறுத்தத்தில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்துக் கைவிடுகிறார்கள். ஒன்றும் கெடவில்லை. டேவிட் ரவுண்டி எழுதிய, கிட் போன்ற இன்னொரு மென்பொருளான டார்க்ஸ், இரண்டு பேட்ச்கள் இடம் மாறிக்கொள்ள முடியுமா என்ற கேள்வியின் மேலேயே கட்டப்பட்டது. முடியாதவற்றை ஒன்றையொன்று சார்ந்தவை என்று வைத்துக்கொள்ளும். கிட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. வரிகள் பொருந்தவில்லை என்று நிற்கும், மிச்சம் உங்கள் பாடு.

கிட் நிற்காமல் போகும் இடம் இதைவிட ஆபத்து. ரசீது கோப்பு வேறு, அது புதுப் பெயரால் ஃபங்ஷனை அழைக்கிறது என்று வையுங்கள். ரசீது கமிட்டைப் பெயர் மாற்றத்துக்கு முன்னால் தள்ளினால் கான்ஃப்ளிக்டே வராது, ஆனால் அந்த இடத்தில் புரோகிராம் ஓடாது. ஆகவே ரீபேஸின் எக்ஸெக் வசதியில் உங்கள் டெஸ்ட் கட்டளையைக் கொடுங்கள். ஒவ்வொரு கமிட்டுக்குப் பின்னும் ஓடிப் பார்த்து, தோற்ற இடத்தில் நிற்கும்.

முடிந்ததும் 'பழசு' கிளையோடு டிஃப் (வித்தியாசப் பட்டியல்) எடுங்கள். ஒன்றுமே வரக்கூடாது. ஒரு வரி வந்தாலும் அடுக்கும்போது எதையோ தொலைத்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே கமிட்டாகப் பிசைந்து அனுப்பும் குறுக்குவழி வேண்டாம். நாளைக்கு மலையாள ரசீதில் சிக்கல் வந்து திரும்ப எடுக்க நேர்ந்தால் ரவுண்டிங் திருத்தமும் கூடவே போய்விடும்.

அனுப்பும்போது சாதாரண ஃபோர்ஸ் வேண்டாம், இடையில் பிறர் சேர்த்ததை அழிக்காமல் பார்த்துக்கொள்ளும் ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடுங்கள். அப்புறம், ரவுண்டிங் கமிட்டின் செய்தியில் ஒரு உதாரணம் எழுதிவிடுங்கள்: இந்த எஸ்.என்.எஃப். அளவுக்கு முன்பு எவ்வளவு வந்தது, இப்போது எவ்வளவு வருகிறது என்று. பால் ஊற்றுகிறவருக்கு இதுவரை காசு குறைந்ததா, கூடியதா என்றுதான் சீனியர் முதலில் கேட்பார்.