'நான்-டெய்ரி' என்று எழுதியிருந்தால் அது பால் இல்லாதது என்று அர்த்தமில்லை, தம்பி

வெளிநாட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, வந்ததிலிருந்து பால் குடித்தால் வயிறு உப்புகிறது, சரி மாம்பழமும் அன்னாசியும் போட்டுப் பால் இல்லாமல் கெட்டியாக ஒரு ஸ்மூத்தி அடித்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்றால் தண்ணியாகவே வருகிறது, சோயா, ஓட்ஸ் மாதிரி எந்தத் தாவரப்பால் நல்லது, எந்த பிளெண்டர் வாங்குவது, ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி போதுமா, புரோட்டீன் பவுடர் போடலாமா என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நான் வந்து இறங்கியபோது இதே கேள்விகள்தான். பதில் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை, சொன்னதில் பாதி தப்பு, அதுதான் பிரச்சினை. எனக்கு முக்கியம் என்று படுவதை மட்டும் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த வயிறு. "இங்கே பாலில் என்னவோ கலக்கிறார்கள்" என்று உங்களிடம் யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார்கள். வெளிநாட்டுக்கு வந்து சேருகிற ஒவ்வொருவரையும் வரவேற்க இப்படி ஒரு ஆள் எப்போதும் இருப்பார், பத்து வருடமாக இங்கே இருந்துகொண்டு இங்குள்ள எதுவுமே சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கலப்படமெல்லாம் ஒன்றுமில்லை. எந்த ஊர் மாட்டுப் பாலாக இருந்தாலும் 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் இருக்கும். அதைச் செரிக்கிற லாக்டேஸ் என்ற நொதி குழந்தையில் நிறைய இருந்து, வளர வளரப் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். ஊரில் காபியில் ஒரு கரண்டிப் பால் குடித்தீர்கள், இங்கே வந்து காலை அவசரத்தில் பெரிய குவளையில் சில்லென்று மொத்தமாகக் குடிக்கிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசமாக இருக்கலாம். உங்களுக்கு இது மட்டும்தான் என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதது வேறு, பால் அலர்ஜி வேறு. உடம்பில் தடிப்பு, உதடு வீங்குவது, மூச்சு இழுப்பது மாதிரி ஏதாவது வந்திருந்தால் ஸ்மூத்தியை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வந்த புதிதில் நாங்கள் நாலு பெண்கள் ஒரு வீட்டில் இருந்தோம். அதில் ஒருத்திக்குப் பால் புரதமே ஆகாது. நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, கடையில் ஒரு வெள்ளைப் பொடியைப் பார்த்து, முன்பக்கம் பெரிய எழுத்தில் 'நான்-டெய்ரி' என்று போட்டிருந்ததால் வாங்கி வந்து, பழத்தோடு இரண்டு கரண்டி போட்டு அடித்து எல்லோருக்கும் கொடுத்தேன். அப்படியே கிரீம் மாதிரி வந்தது. அரை மணி நேரத்தில் அவளுக்குக் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. அன்று இரவு முழுக்க அவசரப் பிரிவில் உட்கார்ந்திருந்தோம். டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் சோடியம் கேசினேட், அதாவது பாலிலிருந்து எடுத்த புரதம். முன்பக்கம் அப்படி எழுதிக்கொள்ள அந்த நாட்டில் சட்டம் இடம் கொடுத்திருந்தது. அன்றிலிருந்து நான் எந்தப் பாக்கெட்டையும் முதலில் திருப்பித்தான் பார்ப்பேன். கேசீன், கேசினேட், வே (பால் திரியும்போது பிரிகிற தெளிநீர்), பால் திடப்பொருள் இதில் எது இருந்தாலும் அது பால்தான். 'லாக்டோஸ் இல்லாதது' என்று விற்பதும் நிஜமான பால்தான், அந்தச் சர்க்கரையை மட்டும் முன்கூட்டியே உடைத்திருப்பார்கள். உங்கள் வயிற்றுக்கு அது சரிப்படும், அலர்ஜிக்காரருக்கு ஆகாது. வீட்டில் கூட இருப்பவர்களுக்கு எது ஆகாது என்று கேட்காமல் யாருக்கும் அடித்துக் கொடுக்காதீர்கள்.

இனி, ஏன் தண்ணியாக வருகிறது. அட்டைப்பெட்டியில் வருகிற தேங்காய் பானத்தை ஊற்றியிருப்பீர்கள், இல்லையா? பெட்டியில் தேங்காய்ப் படம் இருக்கும், உள்ளே பெரும்பாலும் தண்ணீர், சிலவற்றில் அரிசியும் சேர்ந்திருக்கும், கொழுப்பு ஓரிரு சதவீதம் இருந்தால் அதிகம். டப்பாவில் வருகிற கெட்டித் தேங்காய்ப்பால் வேறு சரக்கு, அதில் பெரும்பாலும் 17 சதவீதம் வாக்கிலோ அதற்கு மேலேயோ கொழுப்பு இருக்கும், மூன்று நான்கு மேசைக்கரண்டி போதும். அதுவும் பொருள் பட்டியலில் சர்க்கரை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், மதுபானக் கலவைக்கென்று சர்க்கரை கொட்டிச் செய்த தேங்காய்க் கிரீம் ஒன்றும் அதே அலமாரியில் இருக்கும், நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். தேங்காய் வாசனையே வேண்டாம் என்றால் முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து முதலில் அதை மட்டும் நைசாக அடித்துக்கொள்ளுங்கள். பாதாம் பானம் என்று விற்பதில் பாதாமைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

ஆனால் உண்மையில் கெட்டித்தன்மை பாலால் வருவதில்லை தம்பி, உறைந்த பழத்தால் வருகிறது. முக்கியமாக வாழைப்பழம். தோலில் கரும்புள்ளி விழுந்து, இனி யாரும் சாப்பிட மாட்டார்கள் என்கிற நிலையில் இருக்கும் பழம்தான் வேண்டும், அதற்குள் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும். உரித்து, வட்டம் வட்டமாக நறுக்கி, ஒரு தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, அப்புறம் பையில் கொட்டிக்கொள்ளுங்கள். தோலோடு உள்ளே வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன். கல் மாதிரி ஆகித் தோல் உரிய மறுத்து, கத்தியால் சீவப் போய்க் கட்டைவிரலையும் சேர்த்துச் சீவிக்கொண்டேன்.

மாம்பழம் விஷயத்தில் எனக்கும் மற்றவர்களுக்கும் எப்போதும் தகராறு. இங்கே கிடைப்பதெல்லாம் மாம்பழமே இல்லை என்று புலம்பிக்கொண்டே, காயாகப் பறித்துக் கப்பலில் வந்த பழத்தைத் தேர்ந்தெடுத்து வாங்கி, ஒரு வாரம் காத்திருந்து, அறுத்துப் பார்த்து, மறுபடி புலம்புவார்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். உறைபழ அலமாரியில், பழுத்த பிறகு நறுக்கி உறையவைத்த மாம்பழத் துண்டுகள் வருடம் முழுக்கக் கிடைக்கின்றன. உறைந்தது என்றால் பழையது என்கிற எண்ணத்தை விட எனக்கு அவ்வளவு காலம் பிடித்தது. விட்ட பிறகு நிம்மதியாக இருக்கிறேன். கடித்துச் சாப்பிட அது ஆகாதுதான், உருகினால் துவண்டுவிடும், ஆனால் அடிப்பதற்கு அதைவிட நல்லது இல்லை. அன்னாசி ருசிக்கும் புளிப்புக்கும் மட்டும், ஒரு கைப்பிடி போதும். அது பெரும்பாலும் தண்ணீர்தான், நீங்கள் அதையே முக்கால்வாசி போட்டால் கெட்டியாக எப்படி வரும்?

ஒரு ஆளுக்கு நான் போடுவது: உறைந்த வாழைப்பழம் ஒன்று, மாம்பழத் துண்டு ஒரு கப், அன்னாசி ஒரு கைப்பிடி, தேங்காய்ப்பால் நாலு மேசைக்கரண்டி, தண்ணீர் அரை கப், பாதி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விடாதீர்கள், இனிப்பைத் தூக்கிக் காட்டுவது அதுதான். ஐஸ் கட்டி வேண்டாம், உருகிக் கெடுக்கும். தேங்காய்ப்பால் டப்பாவை ஃப்ரிட்ஜில் வைக்காமல், நன்றாகக் குலுக்கித் திறந்து, அதையும் தண்ணீரையும் முதலில் இருபது வினாடி அடித்துவிட்டு அப்புறம் பழத்தைப் போடுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும், குளிரில் இறுகிய கெட்டிப்பாலை அப்படியே உறைந்த பழத்தோடு போட்டால் மெழுகுத் துணுக்கு மாதிரி நாக்கில் தட்டும். மிச்சமிருப்பதை டப்பாவிலேயே விடாமல் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுங்கள், அடுத்த முறை இரண்டு கட்டியை முந்தின இரவே வெளியே எடுத்து ஃப்ரிட்ஜில் இளகவிட்டு, காலையில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரோடு அடித்தால் சரியாகிவிடும்.

இப்போது மிக்ஸி. ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி 230 வோல்ட். நீங்கள் இருக்கும் நாட்டில் சுவரில் வருவது 120 என்றால் அது சரியாகச் சுற்றாது, முனகும். நான் துணிமணியைக் குறைத்துப் பெட்டிக்குள் அந்த 750 வாட் மிக்ஸியைத் திணித்து வந்தவள். எங்களுக்கு முன்னால் வந்த ஒரு அண்ணன், சீனியர் என்ற மிடுக்கோடு, 500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம் என்றார். செங்கல் கனம் இருந்த அதைப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். மிக்ஸி எடுக்கிற வாட்டைவிட டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. உறைந்த பழத்தைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினேன், பிளேடு இறுகி நின்றுவிட்டது, நின்ற மோட்டார் சூடாகி, பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் வந்து, புகை அலாரம் அலறி, ஜன்னலைத் திறந்தால் உள்ளே பனி. நாலு பேரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றோம், அலர்ஜிக்காரிதான் முதலில் சிரித்தாள். அந்த அண்ணன் இன்றும் எல்லோருக்கும் மின்சாரத்தைப் பற்றி அறிவுரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

வோல்ட் ஒன்றாகவே இருந்தாலும் மிக்ஸியில் அடிப்பதாக இருந்தால் பழத்தைப் பத்து நிமிடம் வெளியே வைத்து, திரவத்தை அடியில் ஊற்றி, விட்டு விட்டு அடியுங்கள். சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்திவிட்டு, ஜாரைக் கழற்றிக் குலுக்கிவிட்டு மறுபடி பாருங்கள், தண்ணீரை மேலும் மேலும் ஊற்றாதீர்கள்.

பிளெண்டர் எது என்றால், இங்கேயே வாங்குங்கள், கம்பெனி எதுவாயிருந்தாலும் எனக்குக் கவலையில்லை. ஓட்ஸா சோயாவா என்பது உங்கள் நாக்கின் விஷயம், புரதம் வேண்டுமென்றால் சோயா. புரோட்டீன் பவுடர் கேட்டீர்களே, வே என்று எழுதியிருந்தால் அது பால் என்று மேலேயே சொல்லிவிட்டேன். அப்புறம், அடுக்குமாடியில் இருக்கிறீர்கள் என்றால் காலை ஐந்தரைக்கு அடிக்காதீர்கள், கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையில் இடிப்பார். இரவே அடித்து மூடிபோட்ட பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம், காலையில் கொஞ்சம் பிரிந்து, நிறம் மங்கியிருக்கும். குலுக்கிக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.